மனநலச் செயலியில் மதிப்பெண் இறங்குகிறது, அன்றாட வாழ்க்கை நகரவில்லை: பயன்படுத்தியவர்களின் அனுபவம் தேவை

இளந்தூறல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உதவுவதற்கென்று உருவாக்கப்பட்ட ஒரு செயலியைச் சில மாதங்களாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். அதில் மறுமுனையில் மனிதர் யாரும் இல்லை. உரையாடும் மென்பொருள் ஒன்று கேள்வி கேட்கிறது. நான் எழுதும் பதிலுக்கு ஏற்றபடி ஒரு பயிற்சியைத் தருகிறது. மனத்தில் ஓடும் எண்ணத்தை எழுதி, அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் என்னென்ன சான்றுகள் உள்ளன என்று பார்க்கும் எண்ணப் பதிவேடு, மூச்சுப் பயிற்சி, உறக்கக் குறிப்பு ஆகியவை அதில் உள்ளன. வாரந்தோறும் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளை நிரப்பச் சொல்லி, மதிப்பெண்ணை வரைபடமாகக் காட்டுகிறது. கூடுதல் சந்தா செலுத்தினால் ஓர் ஆலோசகருடன் எழுத்து மூலம் பேசலாம் என்ற அறிவிப்பும் அடிக்கடி வருகிறது.

கிடைத்த நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். படுத்த பிறகு அன்று பேசிய ஒவ்வொரு சொல்லையும் திரும்பத் திரும்ப நினைத்து உறக்கம் கெடுவது கணிசமாகக் குறைந்திருக்கிறது. "எல்லாரும் என்னைத் தகுதியற்றவன் என்று நினைக்கிறார்கள்" என்று தோன்றும்போது, அது என் மனத்தில் எழுந்த எண்ணம்தான், நடந்த செய்தி அன்று எனப் பிரித்துப் பார்க்க முடிகிறது. தொடங்கியபோது மிதமான மனச்சோர்வு என்று காட்டிய மதிப்பெண், இப்போது இலேசான நிலைக்கு இறங்கியிருக்கிறது.

ஆனால் செயலிக்கு வெளியே என் நடத்தை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. தொலைபேசி ஒலித்தால் இன்றும் எடுப்பதில்லை. அழைப்பு நின்ற பிறகு குறுஞ்செய்தி அனுப்புகிறேன். கூட்டத்தில் நான் பேச வேண்டிய முறை வரும் நாளில் விடுப்பு எடுக்கிறேன். நெருங்கிய நண்பர்களைச் சந்திப்பதை ஏதேனும் காரணம் சொல்லித் தள்ளிப்போடுகிறேன். அப்படித் தள்ளிப்போட்ட அன்று இரவு செயலியைத் திறந்து அதைப் பற்றி எழுதுகிறேன். அது பரிவோடு பதில் சொல்கிறது, மனம் அடங்குகிறது, மறுநாளும் அதையேதான் செய்கிறேன்.

நான் அறிய விரும்புவது இதுதான். மதிப்பெண் இறங்குவதை முன்னேற்றம் என்று நம்பலாமா? செயலியுடன் பேசுவதே மனிதர்களிடம் பேசாமலிருக்க ஒரு வழியாகிவிடுமா? ஆலோசகருடன் எழுத்து மூலம் பேசியவர்கள் எவரேனும் இருந்தால், அதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை விரிவாகச் சொல்லுங்கள். இவ்வளவு காலம் நான் எழுதியவை எங்கே இருக்கின்றன, யார் படிக்கக்கூடும் என்ற கேள்வியும் அண்மையில் மனத்தை உறுத்துகிறது.

கார்முகில்

நீங்கள் கேட்டிருக்கும் இரு வகையையும் பயன்படுத்தியவள் நான் என்பதால் எழுதுகிறேன். முதலில் பயிற்சிகள் மட்டும் உள்ள ஒரு செயலி, பிறகு வேறொரு நிறுவனத்தின் வழியாக உரிமம் பெற்ற ஆலோசகருடன் எழுத்து, அதன் பின் காணொலி அமர்வுகள்.

பயிற்சிச் செயலியில் எனக்கு உண்மையாகப் பயன்பட்டது எண்ணப் பதிவேடு அன்று, செயல் திட்டமிடல். மனச்சோர்வில் இருக்கும்போது மனநிலை தேறட்டும், பிறகு வெளியே போகலாம் என்று காத்திருக்கிறோம். அந்த வரிசையை மாற்றி, மனநிலை எப்படி இருந்தாலும் முன்பே குறித்து வைத்த ஒரு சிறு செயலைச் செய்துவிட்டு, அதற்குப் பிறகு மனநிலை எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னது அந்தச் செயலி. குளித்து உடை மாற்றிக்கொண்டு தெருமுனை வரை நடப்பது என்ற அளவில்தான் தொடங்கினேன். "எந்தப் பயனும் இருக்காது" என்று புறப்படும் முன் எழுதியதையும், திரும்பி வந்து எழுதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, என் மனச்சோர்வு சொல்லும் முன்கணிப்புகள் எவ்வளவு தவறானவை என்பது என் கையெழுத்திலேயே தெரிந்தது. இதைச் செய்ய மறுமுனையில் அறிவார்ந்த உரையாடல் எதுவும் தேவைப்படவில்லை. நல்ல படிவம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஆலோசகருடன் எழுத்து மூலம் பேசியது வேறு வகை அனுபவம். நேரில் சொல்ல நாக்கு எழாத ஒன்றை எழுத்தில் சொல்ல முடிந்தது. அவர் எழுதியதைக் கலக்கமான நாளில் மீண்டும் எடுத்துப் படிக்கவும் முடிந்தது. குறைகளும் உண்டு. பதில் வருவதற்குள் நான் வேறொரு மனநிலைக்குப் போய்விட்டிருப்பேன். எழுத்தில் நான் என்னை ஒழுங்குபடுத்திக்கொண்டு பேசினேன். நீக்கி, திருத்தி, நல்ல வாக்கியமாக அனுப்பினேன். காணொலிக்கு மாறிய பிறகு, "இதைச் சொல்லும்போது சிரிக்கிறீர்களே, ஏன்?" என்று அவர் கேட்ட கேள்வி எழுத்தில் எழவே வாய்ப்பில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் என் சிகிச்சை உண்மையில் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

ஒன்றை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் என் ஆலோசகர் அந்தத் தளத்தை விட்டு விலகினார். புதியவரிடம் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது, அதில் பெரிதும் தளர்ந்துபோனேன். ஆலோசகர் மாறினால் குறிப்புகள் ஒப்படைக்கப்படுமா, விடைபெறும் அமர்வு ஒன்றாவது உண்டா, பொருந்தாதவரை நாமே மாற்றிக்கொள்ள முடியுமா என்பவற்றைச் சந்தா செலுத்துவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

அகவிளக்கு (மருத்துவ உளவியலாளர்)

இளந்தூறல், உங்கள் கேள்வியைப் படித்தபோது, சிகிச்சை அறையில் நாங்கள் பல அமர்வுகளுக்குப் பிறகு வந்து சேரும் இடத்துக்கு நீங்கள் தனியாகவே வந்திருக்கிறீர்கள் என்று தோன்றியது. உங்களை நேரில் பார்க்காமல் நோய்க்கணிப்பு எதுவும் சொல்ல மாட்டேன். பொதுவாகச் சொல்லக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

நீங்கள் விவரிக்கும் வினாத்தாள் பெரும்பாலும் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 ஆக இருக்கும். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் மூன்று வரை, மொத்தம் 27. ஐந்து முதல் இலேசானது, பத்து முதல் மிதமானது, 15 முதல் சற்றுக் கடுமையானது, 20 முதல் கடுமையானது என்று வகுத்திருக்கிறார்கள். இது நல்ல கருவிதான்; உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது என்ன கேட்கிறது என்று பாருங்கள். உறக்கம் ஒரு கேள்வி, களைப்பு ஒரு கேள்வி, கவனம் செலுத்த முடியாமை ஒரு கேள்வி. உறக்கம் சீரானால் களைப்பும் கவனக் குறைவும் சேர்ந்தே குறையும். உறக்கம் ஒன்று தேறியதாலேயே மொத்த மதிப்பெண் சில புள்ளிகள் இறங்கிவிடலாம். அந்த இறக்கம் பொய்யன்று, உங்களுக்கு உண்மையிலேயே கிடைத்த நிவாரணம் அது. ஆயினும், தொலைபேசியை எடுக்கிறீர்களா, நண்பரைப் பார்க்கிறீர்களா என்று அந்த ஒன்பதில் ஒன்றுகூடக் கேட்பதில்லை. மனிதரை எதிர்கொள்ளும் அச்சத்தை அளப்பதற்காக அது செய்யப்படவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த வினாத்தாள் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கிறது. வாரந்தோறும் நிரப்பினால் ஒவ்வொரு முறையும் பாதிக் காலம் முந்தைய முறையோடு ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. ஒன்றிரண்டு புள்ளிகள் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பொருள் தேடுவது வீண். ஏறத்தாழ ஐந்து புள்ளி மாற்றத்தையே சிகிச்சை நோக்கில் பொருட்படுத்தத்தக்கதாக நாங்கள் கொள்கிறோம்.

மூல வினாத்தாளில் ஒன்பதுக்குப் பிறகு, மதிப்பெண்ணில் சேராத ஒரு கேள்வி இருக்கிறது. இந்தத் தொல்லைகளால் உங்கள் வேலையைச் செய்வதும், வீட்டுப் பொறுப்புகளைக் கவனிப்பதும், பிறரோடு பழகுவதும் எவ்வளவு கடினமாகியிருக்கின்றன என்று அது கேட்கிறது. மதிப்பெண் வரைபடத்தில் இடம்பெறாது என்பதாலோ என்னவோ, சில செயலிகள் அதை விட்டுவிடுகின்றன. உங்கள் செயலியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் இங்கே எழுதியிருக்கும் கவலை முழுவதும் அந்த ஒரு கேள்விக்கான விடைதான்.

அடுத்தது, தவிர்த்தல். அச்சம் தருவதைத் தவிர்த்தவுடன் நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியே தவிர்ப்புக்குக் கிடைக்கும் பரிசாகி, அடுத்த முறை தவிர்ப்பதை எளிதாக்குகிறது. அழைப்பை எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை மனம் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் போய்விடுகிறது. நீங்கள் சொல்லும் ஒழுங்கில், தவிர்த்த பிறகு இரவில் செயலி தரும் ஆறுதல் அந்தப் பரிசை இரட்டிப்பாக்குகிறது. செயலி தீங்கு நினைத்துச் செய்வதன்று. நீங்கள் வருந்துவதாக எழுதுகிறீர்கள், அது ஆறுதல் சொல்கிறது. நேற்றும் இதையேதான் எழுதினீர்கள் என்பதைக் கவனித்து, "இந்த வாரம் ஓர் அழைப்பை நாம் சேர்ந்தே எடுத்துப் பார்ப்போமா?" என்று கேட்கும் பொறுப்பு அதற்கு இல்லை.

1966-இல் கணினி அறிவியலாளர் ஜோசப் வைசன்பாம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் எலிசா என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். பயனர் சொன்னதையே சற்று மாற்றிக் கேள்வியாகத் திருப்புவதுதான் அதன் முதன்மையான உத்தி. அதற்கே மக்கள் தங்கள் அந்தரங்கத்தைத் திறந்து பேசியதைக் கண்டு, பின்னாளில் அவர் இத்தகைய கருவிகளைப் பற்றிக் கடுமையாக எச்சரிப்பவரானார். கேட்கப்படுகிறோம் என்ற உணர்வு ஒரு மனிதருக்கு எவ்வளவு தேவையாக இருக்கிறது என்பதை அதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். அந்தத் தேவையை இழிவாகப் பேச மாட்டேன். அந்த உணர்வு மட்டும் கிடைத்து மாற்றம் எதுவும் கேட்கப்படாவிட்டால் சிகிச்சை பாதியிலேயே நின்றுவிடுகிறது என்பதுதான் என் கருத்து. உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் சிகிச்சை உறவை மூன்று கூறுகளாகப் பிரித்துக் காட்டினார்: இலக்கில் உடன்பாடு, செய்ய வேண்டிய பணியில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. உங்கள் கதையில் பிணைப்பு போன்ற ஒன்று இருக்கிறது. இலக்கை யாரும் உங்களோடு உட்கார்ந்து பேசவில்லை.

ஆய்வுகள் பக்கம் வந்தால், இணையவழி அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பயிற்றும் முறை) மனச்சோர்வைக் குறைக்கும் ஆற்றல் உண்டு என்பதில் ஐயமில்லை. 2021-இல் ஜாமா சைக்கியாட்ரி என்ற மனநல மருத்துவ இதழில், பல ஆய்வுகளின் தரவைச் சேர்த்து ஆராய்ந்து வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, மனிதர் ஒருவர் வழிகாட்டும் முறை தனியாகச் செய்யும் முறையைவிடக் கூடுதல் பயன் தந்தது. மிதமான, கடுமையான மனச்சோர்வில்தான் இந்த வேறுபாடு துலக்கமாகத் தெரிந்தது. இலேசான நிலையில் உள்ளவர்களுக்கு வேறுபாடு மிகச் சிறியது. ஆகவே, எல்லாருக்கும் ஆலோசகர் தேவை என்று நான் சொல்லவில்லை. உங்கள் மனச்சோர்வுப் பகுதியைச் செயலி கவனித்துக்கொண்டிருக்கலாம். தவிர்க்கும் பழக்கத்துக்கு ஒரு மனிதர் தேவைப்படலாம்.

செயலியை விட்டுவிடாமலே ஒன்றை மாற்றிப் பாருங்கள். தவிர்த்த பிறகு எழுதுவதை நிறுத்தி, செய்வதற்கு முன் எழுதுங்கள். எந்த அழைப்பை எடுக்கப் போகிறீர்கள், என்ன நடக்கும் என்று அஞ்சுகிறீர்கள், அந்த அச்சம் நூற்றுக்கு எத்தனை விழுக்காடு உறுதியாகத் தோன்றுகிறது என்று குறித்துவிட்டு அழைப்பை எடுங்கள். முடிந்ததும் உண்மையில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். மிக எளிய அழைப்பிலிருந்து தொடங்குங்கள். கூட்டத்தில் பேசுவது பிறகு வரட்டும்.

கடைசியாக ஒன்று, இது படிக்கும் அனைவருக்கும். அந்த வினாத்தாளின் ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் எழுவதைப் பற்றியது. அதற்குச் சுழியம் தவிர வேறு விடை எழுத நேர்ந்தால், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், செயலியோடு நிறுத்தாமல் ஒரு மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ சொல்லுங்கள். எண்ணம் வலுத்துவிட்டால் உங்கள் நாட்டின் நெருக்கடி உதவி எண்ணை அழையுங்கள், அல்லது அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள், அருகில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள்.

செங்காந்தள்

மேலே எழுதியவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆயினும், "ஒரு மனிதரை நாடுங்கள்" என்பது எல்லாருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்பதையும் யாராவது இங்கே பதிய வேண்டும். நினைவிழப்பு நோய் முற்றிய தந்தையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு மணி நேரம் கதவை மூடிக்கொண்டு அமர்வில் உட்காரும் வசதி எனக்கு இல்லை. நள்ளிரவில் அவர் உறங்கிய பிறகு கிடைக்கும் சில நிமிடங்களில், எனக்குப் பதில் சொல்ல விழித்திருப்பது செயலி மட்டும்தான். அது இல்லாதிருந்தால் நான் நொறுங்கிப்போயிருப்பேன் என்று உறுதியாகச் சொல்வேன். செயலியில் ஆறுதல் தேடுவதைப் பழக்க அடிமைத்தனம் போலப் பேசினால், வேறு வழியில்லாதவர்கள் அதையும் குற்ற உணர்வோடு செய்யத் தொடங்குவார்கள்.

என் அனுபவத்தில் செயலி தடுமாறிய இடம் வேறு. "அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, அவர் இனி எனக்குத் திரும்பக் கிடைக்க மாட்டார்" என்று ஒரு நாள் எழுதினேன். அந்த எண்ணத்துக்கு எதிரான சான்றுகளை எழுதும்படி அது கேட்டது. எதிரான சான்று எதுவும் இல்லை. அது மிகைப்படுத்திய எண்ணம் அன்று, உண்மை. உண்மையான துயரத்தையும் திரித்துப் பார்க்கும் எண்ணத்தையும் அது ஒரே படிவத்தில் போடுகிறது. அன்றிலிருந்து துக்கத்தைப் பற்றி அதில் எழுதுவதில்லை. உறக்கத்துக்கும், கோபம் ஏறும்போது நிதானிப்பதற்கும் மட்டும் பயன்படுத்துகிறேன்.

ஒரு நாள் திறக்காவிட்டால் "தொடர்ச்சி முறிந்துவிட்டது" என்று அறிவிப்பு அனுப்பும் வழக்கத்தையும் இந்த நிறுவனங்கள் கைவிட வேண்டும். தந்தையோடு மருத்துவமனையில் இரவு முழுவதும் அமர்ந்திருந்துவிட்டுத் திரும்பும் ஒருவருக்கு அந்த அறிவிப்பு என்ன செய்யும் என்று அதை வடிவமைப்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அகவிளக்கு (மருத்துவ உளவியலாளர்)

செங்காந்தள், நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. நான் எழுதியது தவிர்த்தலோடு பின்னிக்கொண்ட ஆறுதலைப் பற்றி மட்டுமே. நீங்கள் எதையும் தவிர்க்கவில்லை. ஒருவர் தாங்கக்கூடியதற்கு மேல் எதிர்கொண்டிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவருக்குக் கிடைக்கும் ஆறுதலில் எந்தக் குறையும் காண மாட்டேன்.

துக்கத்தைப் பற்றி நீங்கள் குறித்திருப்பது மிக முக்கியமானது. உண்மையான எண்ணத்தை எதிர்த்து வாதாடச் சொல்வது நல்ல அறிவாற்றல் சிகிச்சையும் அன்று. உயிரோடு இருக்கும் ஒருவரைச் சிறிது சிறிதாக இழக்கும் துயரத்தில், எண்ணத்தைத் திருத்துவதற்கு எதுவும் இல்லை. அந்தத் துயரத்தோடு உடனிருக்க ஒருவர் தேவை. நினைவிழப்பு நோயாளிகளின் குடும்பத்தினர் இணையவழியாகக் கூடிப் பேசும் ஆதரவுக் குழுக்கள் பல நாடுகளில் உள்ளன. சிலவற்றில் நம் ஒலிவாங்கியை அணைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருக்கலாம், வேண்டியபோது விலகலாம். உங்கள் நேர நெருக்கடிக்கு அது ஒத்துவருமா என்று பாருங்கள்.

திறவுகோல்

தரவைப் பற்றி இளந்தூறல் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். மென்பொருள் பாதுகாப்பு என் தொழில்.

மருத்துவரிடம் சொல்வதற்கு உள்ள சட்டப் பாதுகாப்பு செயலியில் எழுதுவதற்கும் தானாகவே கிடைக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். பல செயலிகள் தங்களை "நல்வாழ்வு" வகையில் பதிவு செய்துகொள்வதால், மருத்துவ இரகசியத்துக்கான கடும் விதிகள் அவற்றுக்குப் பொருந்தாமல் போகக்கூடும். இது வெறும் அச்சமன்று. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், இணையவழி ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் பயனர்களின் மின்னஞ்சல் முகவரி, அவர்கள் சிகிச்சை நாடினார்கள் என்பது போன்ற விவரங்களை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் முதலிய நிறுவனங்களோடு விளம்பரத்துக்காகப் பகிர்ந்ததாகக் குற்றம் சாட்டியது. 78 இலட்சம் டாலர் செலுத்த அந்நிறுவனம் உடன்பட்டது. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் பின்னணியில் உள்ள மொசில்லா அறக்கட்டளை 32 மனநல, வழிபாட்டுச் செயலிகளை ஆராய்ந்து அவற்றில் 28-க்குத் தனியுரிமை எச்சரிக்கை முத்திரை இட்டது.

இவற்றைவிடக் கொடியது ஃபின்லாந்தில் நடந்தது. வஸ்தாமோ என்ற உளவியல் சிகிச்சை நிறுவனத்தின் தரவுத்தளம் திருடப்பட்டு, 2020-இல் நோயாளிகளுக்கே மிரட்டல் மின்னஞ்சல்கள் போயின. பணம் தராவிட்டால் அமர்வுக் குறிப்புகளை வெளியிடுவோம் என்றார்கள். பல்லாயிரம் பேரின் அந்தரங்கம் அதில் இருந்தது. அது செயலி அன்று. நேரடிச் சிகிச்சை நிலையங்களை நடத்திய நிறுவனம். ஆகவே எங்கே எழுதப்பட்டாலும், மின்னணு வடிவில் சேமித்து வைக்கப்பட்டது கசியக்கூடும் என்ற நினைப்போடுதான் நடந்துகொள்ள வேண்டும்.

இதற்காகச் சிகிச்சையைக் கைவிடச் சொல்லவில்லை. சமூக ஊடகக் கணக்கின் வழியாக உள்நுழைய வேண்டாம். இதற்கென்றே தனி மின்னஞ்சல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பிறருடைய பெயர்களையும், பணியிடம் அடையாளம் தெரியும்படியான விவரங்களையும் எழுதாமலிருந்தாலும் பயிற்சியின் பயன் குறையாது. பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி அறிவிப்பை மாற்றுங்கள். வெளியார் திருடுவதைவிட, உடனிருப்பவர் கண்ணில் பட்டுவிடுவதுதான் அன்றாடம் நடக்கக்கூடியது. பணி வழங்கும் நிறுவனம் இலவசமாகத் தரும் செயலியாக இருந்தால், நிறுவனத்துக்கு என்னென்ன தகவல் போகிறது என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்குவதால் தரவு நீங்குவதில்லை. கணக்கையும் தரவையும் அழிக்கும்படி தனியே கேட்க வேண்டும்.

அழிக்கும் முன், எழுதியவற்றைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இத்துறையில் ஆய்வுகளோடு முன்னணியில் இருந்த வோபாட் என்ற உரையாடும் மனநலச் செயலியே 2025 ஜூன் 30-ஆம் நாள் நிறுத்தப்பட்டது. நாம் சாய்ந்திருக்கும் செயலி நாளையும் இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது.

இளந்தூறல்

எல்லாருக்கும் நன்றி. செங்காந்தள், உங்கள் பதிவு என்னை மிகவும் பாதித்தது. உங்கள் தந்தையும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

அகவிளக்கு சொன்ன அந்தப் பத்தாவது கேள்வி என் செயலியில் இல்லை. நானே கேட்டுக்கொண்டேன்; "மிகவும் கடினம்" என்பதுதான் நேர்மையான விடை. வரைபடம் இறங்கிக்கொண்டிருந்த காலம் முழுவதும் இந்த விடை மாறாமல் இருந்திருக்கிறது.

முன்பே எழுதிவிட்டு அழைப்பை எடுக்கும் முறையையும் தொடங்கினேன். என் சகோதரியின் அழைப்பைத்தான் எடுத்தேன். அது எளியதுதான் என்றாலும் வழக்கமாக அதையும் விட்டுவிடுபவன் நான். அச்சம் எழுபது விழுக்காடு என்று எழுதியிருந்தேன். அவர் ஒரு முகவரியைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அடுத்து, முன்பின் அறியாதவர்களின் அழைப்பு என்று பட்டியல் போட்டிருக்கிறேன். அங்கே கை நகர மறுக்கிறது. இதற்கு மேல் தனியாகப் போக முடியாது என்று படுவதால், காணொலி வழியாக ஓர் உளவியலாளரைப் பார்க்க முடிவு செய்திருக்கிறேன். முதல் அமர்வுக்கு எதைக் கொண்டுபோவது? செயலியில் எழுதிய அனைத்தையும் அனுப்பி வைக்கலாமா?

அகவிளக்கு (மருத்துவ உளவியலாளர்)

அனைத்தையும் அனுப்ப வேண்டாம். அவ்வளவையும் ஒருவர் முதல் அமர்வுக்குள் படிக்க முடியாது, உங்கள் அந்தரங்கம் இன்னோர் இடத்திலும் சேமிக்கப்படும். எண்ணப் பதிவேட்டிலிருந்து உங்களை நன்றாகக் காட்டுவதாக நீங்கள் கருதும் ஓரிரு பக்கங்களும், சகோதரியின் அழைப்பைப் பற்றி முன்னும் பின்னும் எழுதிய குறிப்பும், நீங்கள் தவிர்ப்பவற்றின் பட்டியலும் போதும். இந்தத் திரியில் முதலில் எழுதினீர்களே, அதில் மூன்றாவது பத்தியை அப்படியே வாசித்துக் காட்டினாலும் அவருக்குத் தொடங்க வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சியை அவர் அமர்வுக்குள்ளேயே செய்ய வைப்பாரா என்று கேளுங்கள். சமூகப் பதற்றத்துக்கு, அதாவது மனிதரை எதிர்கொள்ளும் அச்சத்துக்கு, சிகிச்சை அளித்த அனுபவம் உள்ளவர்கள் பெரும்பாலும் செய்வார்கள். அமர்வின் நடுவே, அவர் கேட்டுக்கொண்டிருக்க, நீங்கள் ஓர் அறியாத எண்ணை அழைப்பதும் அதில் அடங்கும். செயலியைத் தொடர்ந்து பயன்படுத்துவதையும் அவரிடம் மறைக்க வேண்டாம். வாரம் முழுவதும் எதை, எப்போது அதில் எழுதுவது என்பதை அவரோடு சேர்ந்து வகுத்துக்கொள்ளுங்கள். அமர்வுகளுக்கு இடைப்பட்ட நாள்களின் பயிற்சிக் குறிப்பேடாக அது நன்றாகவே உதவும். மூன்று நான்கு அமர்வுகளுக்குப் பிறகும் உங்கள் பட்டியலில் உள்ள எதுவும் பேசப்படவில்லை என்றால், அதை அவரிடமே நேராகச் சொல்லுங்கள். நல்ல சிகிச்சையாளர் அதை விரும்பிக் கேட்டுக்கொள்வார்.